"எப்பச் சூடாகுது?" என்று முதலில் கேட்ட செம்மண்டலம் ரேடியேட்டர் கடை

கடலூரிலோ புதுச்சேரியிலோ பழைய கார் வைத்துக்கொண்டு, வெயில் ஏற ஏற டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துப் பார்த்தே ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடலூர் செம்மண்டலத்திலிருந்து நெல்லிக்குப்பம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இடது பக்கம் ஒரு சந்து வரும். அதற்குள் தகரக் கொட்டகை போட்டு இரண்டே வண்டி நிற்கிற மாதிரி, இன்ஜின் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டரைப் பழுது பார்க்கிற ஒரு கடை. போர்டு கிடையாது. அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர்கள் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். மூன்று இடத்தில் காசைக் கொட்டிவிட்டுக் கடைசியாகத்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன், முதலிலேயே போயிருக்கலாம் என்று இன்னமும் வருத்தமாக இருக்கிறது.

வண்டி 1998 மாருதி 800, ஏசி மாடல், கார்புரேட்டர். அப்பா வாங்கியது. அவர் போன பிறகு நான் ஓட்டுகிறேன். 15 வருஷம் முடிந்ததும் ஒருமுறை, அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை என்று ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறோம். விற்கச் சொல்லி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், நான் விற்கப்போவதில்லை. அம்மாவை மாதம் ஒருமுறை ஜிப்மருக்குக் கூட்டிப்போக வேண்டும், எங்கள் வீடு குண்டு உப்பலவாடி, ஜிப்மர் இருக்கிற கோரிமேடு வரைக்கும் 30 கிலோமீட்டர் இருக்கும், பஸ்ஸில் ஏறி இறங்க அம்மாவால் முடியாது. அந்த 30 கிலோமீட்டரைத்தான் நம்பி ஓட்ட முடியாமல் போய்விட்டது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது, அதற்கு இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எங்கள் பக்கத்தை மூழ்கடித்தது, ஞாபகம் இருக்கும். வண்டி பம்பருக்கு மேல் தண்ணீரில் ஒன்றரை நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் ஆயில் மாற்றி, பிரேக் கழற்றிச் சுத்தம் செய்து, சீட்டையெல்லாம் வெயிலில் காயவைத்து ஓட்ட ஆரம்பித்தோம். தை, மாசி வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் முள்ளும் ஏற ஆரம்பித்தது. ஒரு நாள் கிருமாம்பாக்கம் தாண்டியதும் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது, போனட் ஓரமாக ஆவி வந்தது. அம்மாவை இறக்கி டீக்கடை நிழலில் உட்கார வைத்துவிட்டு, நான் பதற்றத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிட்டேன். டீக்கடைக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார். அவர் மட்டும் இல்லையென்றால் முகம் வெந்திருக்கும். மூடி என்பது குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தை அடக்கி வைத்திருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த அந்த நொடியில் மொத்தமும் கொதித்து மேலே பீச்சி அடிக்கும். இன்ஜின் ஆற முக்கால் மணி நேரமாவது விடுங்கள், இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்கு வருகிற மேல் ஹோஸை வெறும் கையால் பிடிக்க முடிந்தால்தான் மூடியைத் தொட வேண்டும்.

அப்புறம் நடந்ததுதான் என்னை மிகவும் நோகடித்தது. முதலில் போன கடையில், தண்ணீர் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்கு விடுகிற வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டார்கள், "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்லை மேடம்" என்றார்கள். இரண்டாவது கடையில் ரேடியேட்டர் மூடியையும் ஃபேன் சுவிட்சையும் மாற்றினார்கள். மூன்றாவது கடையில் வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்து பார்க்கவில்லை, ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட்டை இறக்கி ஃபேஸ் அடிக்கணும், 14,000 ஆகும் என்றார்கள். ஹெட் என்பது இன்ஜினின் மேல்பகுதி, அதற்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட், ஃபேஸ் அடிப்பது என்றால் ஹெட்டின் அடிமுகத்தைச் சமமாகத் தேய்ப்பது. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "வீட்டுல சார் யாராவது இருந்தா வரச் சொல்லுங்க, அவருக்கிட்ட சொல்றோம்" என்றார்கள். வண்டியை நான்தான் ஓட்டுகிறேன், பணத்தை நான்தான் தருகிறேன், எப்போது முள் ஏறுகிறது என்று எனக்குத்தான் தெரியும். அதை யாரும் கேட்கவே இல்லை.

செம்மண்டலம் கடைக்காரர் கேட்டார். ஐம்பது வயது தாண்டியவர், முன்பு முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்த்தவராம். நடுக்கடலில் இன்ஜின் சூடாகி நின்றால் தள்ளிக்கொண்டு வர ஆள் கிடையாது, அதனால் சூட்டைப் பற்றி அசட்டையாக இருக்க முடியாது என்று பேச்சுவாக்கில் சொன்னார். நான் போனதும் போனட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "சொல்லும்மா, எப்பச் சூடாகுது? சிக்னல்ல நிக்கும்போதா, ஓடும்போதா?" என்றார்.

யோசித்துப் பார்த்துச் சொன்னேன். மரப்பாலம் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றாலும் முள் பாதியைத் தாண்டுவதில்லை, ஃபேன் ஓடுகிறது, நின்றுவிடுகிறது, மறுபடி ஓடுகிறது. ஆனால் முள்ளோடை தாண்டி 60, 65-இல் போக ஆரம்பித்தால் மெதுவாக ஏறுகிறது. ஏசி போட்டால் இன்னும் சீக்கிரம். வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் இறங்குகிறது.

"அப்போ ஃபேன் மேல குத்தம் இல்ல" என்றார். எனக்கு அது அப்போதுதான் விளங்கியது. நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்றைக் கொடுப்பது ஃபேன், அதில் கோளாறு என்றால் சிக்னலிலும் நெரிசலிலும்தான் சூடேறும், ரோட்டில் ஓட ஆரம்பித்தால் எதிர்க்காற்றில் ஆறிவிடும். என் வண்டியில் நடப்பது தலைகீழ். வேகமாக ஓடும்போது இன்ஜின் உண்டாக்குகிற சூடு அதிகம், அதை வெளியேற்றும் சக்தி ரேடியேட்டருக்குப் போதவில்லை. ஒன்று தண்ணீர் ஓட்டத்தில் தடை, இல்லையென்றால் காற்று ஓட்டத்தில் தடை. ஒரே ஒரு கேள்வி. அதை முதல் கடையிலேயே கேட்டிருந்தால் ஃபேன் சுவிட்சுக்குக் கொடுத்த பணம் என் கையில் இருந்திருக்கும்.

ஆனாலும் ஹெட் கேஸ்கெட்டை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. ஒருமுறை சிவப்பைத் தொட்ட வண்டி, அலுமினிய ஹெட், வளைந்திருக்க வாய்ப்பு உண்டு, அதனால் அதைப் பார்த்து ஒதுக்கிவிட்டுத்தான் மற்றது என்றார். வண்டியை ராத்திரி விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் காலை இன்ஜின் சில்லென்று இருக்கும்போது என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தே செய்தார். மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. மூடியை மறுபடி போட்டுவிட்டு மேல் ஹோஸைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த புகை தண்ணீருக்குள் இறங்கி, இன்ஜின் சூடாகும் முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடுமாம். என் கைக்கு மெத்தென்று இருந்தது. மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக ஒரு துணி மேல் வைத்தார், மூன்றும் ஒரே பழுப்பு. ஏதாவது ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அந்தப் பிளக் மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெளுத்திருக்கும். ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக் கம்பியில் ஆயில் பால் கலந்த மாதிரி இல்லை, அதாவது ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. கடைசியாக ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் ஊற்றி ரேடியேட்டர் வாயில் பொருத்தி, உள்ளே இருக்கிற காற்றை அதன் வழியாக உறிஞ்சவைத்தார். எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஐந்து நிமிஷம் பார்த்தோம், நீலம் நீலமாகவே இருந்தது.

"கேஸ்கெட் நல்லா இருக்கும்மா, ஹெட்டத் தொட வேணாம்." இதைச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, 14,000 ரூபாய் என்பது எங்களுக்குச் சின்னப் பணம் இல்லை.

அடுத்தது அழுத்த சோதனை. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்பு, அதன் மேல் மீட்டர். மூடி இருக்கிற இடத்தில் பொருத்தி மூடியில் பொறித்திருக்கிற 0.9 வரைக்கும் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பத்து நிமிஷத்தில் முள் 0.7-க்கு இறங்கியிருந்தது. டார்ச் அடித்துத் தேடினால் கீழ் ஹோஸ் கிளிப் ஓரமாகத் துருத் தண்ணீர் கசிந்து காய்ந்த தடம், அதன் மேல் புதிதாக ஒரு சொட்டு. இந்தக் கசிவு சின்னது, ஓடும்போது சூட்டிலேயே காய்ந்துவிடும், தரையில் சொட்டாது, அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீர் குறைந்தும் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இன்ஜினைச் சூடாக்கி, துப்பாக்கி மாதிரி இருக்கிற டெம்பரேச்சர் மீட்டரை எடுத்தார். இதில் ஒரு விஷயம் கவனித்தேன், வேறு எங்கேயும் பார்த்ததில்லை. பளபளக்கிற உலோகத்தின் மேல் நேராக அடித்தால் அது சூட்டைக் குறைத்துக் காட்டுமாம், அதனால் தெர்மோஸ்டாட் இருந்த இடத்து உலோக மூடி மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அந்த டேப்பின் மேல் அடித்துப் பார்த்தார். 94. மேல் டேங்க் 91. அப்புறம் ரேடியேட்டர் முகத்தில் கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரத்தில் 84, 82. நடுவில் வந்ததும் 55, 51. "இங்க தண்ணியே போகல பாரு" என்று என் கையில் மீட்டரைக் கொடுத்து நானே அடித்துப் பார்க்கச் சொன்னார். சூடான தண்ணீர் நுழையாத குழாய்கள் ஆறிப்போய்க் கிடக்கின்றன, ரேடியேட்டரில் பாதிக்குத்தான் வேலை, மீதி வெறும் பாரம்.

ரேடியேட்டரை இறக்கியபோது நான் பார்த்ததை மறக்கவே முடியாது. முன்பக்கம் கிரில் வழியாகப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத்தான் தெரியும், மற்ற கடைக்காரர்களும் அங்கேதான் பார்த்தார்கள். ஆனால் அங்கே தெரிவது ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் மாதிரியே இருக்கும், ஏசியின் சூட்டை வெளியே விடுவது அதன் வேலை. அதற்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் ரேடியேட்டர். அந்த இடைவெளி முழுக்க வெள்ளத்து வண்டல். பெண்ணையாற்று வண்டல், மாவு மாதிரி நைசானது, காய்ந்து பிஸ்கட் மாதிரி ஆகி, நடுவில் வைக்கோல், ஒரு துண்டு தெர்மோகோல், ஏதோ பூச்சியின் இறக்கை. விரலால் தட்டினால் பாளம் பாளமாக விழுந்தது. நாலு மாதமாக என் வண்டி அந்த மண் சுவருக்குப் பின்னால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மார்கழி, தையின் குளிரில் அது தெரியவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டிய முதல் ஒரு வாரமும் கொஞ்சம் இறங்கிய மாதிரி தெரிந்ததால் நானும் ஏமாந்துவிட்டேன். வெள்ளத்தில் நின்ற வண்டி வைத்திருக்கிற எல்லோரும், குறிப்பாக ஏசி வண்டி, தயவுசெய்து அந்த இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

மண்ணை அவர் பிரஷர் வாஷரில் அடிக்கவில்லை. அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி வழியே அடைந்துவிடும் என்று சொல்லி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண பைப்பில் கழுவினார். உள்ளே இருந்த அடைப்பு வேறு கதை. செம்பு பித்தளை ரேடியேட்டர் என்பதால் மேல் டேங்க்கைச் சூடு காட்டிப் பிரித்து, குழாய்க்குள் தட்டையான கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம், பிளாஸ்டிக் டேங்க் வைத்த புது ரேடியேட்டர் என்றால் இப்படி முடியாது. டேங்க்கைத் திறந்து காட்டினார். வெந்நீர் போடுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்பு, துருவோடு கலந்து. 11 குழாய் முழுசாக அடைத்திருந்தது. "என்ன தண்ணி ஊத்துறீங்க?" என்றார். போர் தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, அதைத்தான் வருஷக்கணக்கில் ரேடியேட்டருக்கு ஊற்றியிருக்கிறோம். கடற்கரையோரம் இருக்கிற யாரும் இதைச் செய்யாதீர்கள். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி, அது மட்டும்தான். கூலன்ட் என்றால் குளிர்விக்க மட்டும் என்று நினைத்திருந்தேன், துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் அவர் கொஞ்சம் கோபமாகவே பேசினார். அது இல்லாவிட்டால் இன்ஜின் காலையில் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், அதுவரை சோக் இழுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் சேர்கிற ஈரம் ஆவியாகாமல் தங்கும். புதிது வாங்கி வந்ததும் அப்படியே மாட்டவில்லை. ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றினார். 82 என்று பொறித்திருந்தது, முள் 82, 83 வரும்போது மெல்லத் திறக்க ஆரம்பித்ததை நானும் குனிந்து பார்த்தேன். "புதுசுலயும் திறக்காதது வரும்மா" என்றார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது அதுதானே. சோதனைக்கு 300, ரேடியேட்டர் வேலை 1,900, தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும் 480, இரண்டு ஹோஸும் கிளிப்பும் 620, கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர் 850, கழற்றி மாட்டிய கூலி 900. மொத்தம் 5,050. கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். சோதனைக்குத் தனியாக 300 வாங்குவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. அந்த 300 ரூபாய் சோதனைதான் 14,000 செலவைத் தடுத்தது.

குறையும் உண்டு. ஒன்றரை நாள் என்று சொன்ன வேலை மூன்று நாள் ஆனது, டேங்க் பற்றவைப்பு முதல் தடவை கசிந்ததால் மறுபடி செய்தார், அதை மறைக்காமல் சொன்னார் என்றாலும் நான் ஜிப்மர் அப்பாயின்ட்மென்டுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியதாயிற்று. போன் எடுக்கவே மாட்டார். உட்கார அந்த ஒரு ஸ்டூலைத் தவிர எதுவும் இல்லை, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். கையால் எழுதின பில்தான். வண்டி எடுத்த மறுநாள் கீழ் ஹோஸில் மறுபடி ஒரு சொட்டு தெரிந்தது. கொண்டுபோனதும் ஒரு வார்த்தை பேசாமல் கிளிப்பை மாற்றிப் போட்டார், காசு வாங்கவில்லை. ஏசி கேஸ் வேலை, கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளின் சென்சார் வேலை எதையும் அவர் தொடுவதில்லை, அது எனக்குத் தெரியாது என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறார்.

வேலை முடிந்ததும் என்னையே ஓட்டச் சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை வரைக்கும் போய்த் திரும்பினோம். மத்தியானம் இரண்டு மணி, ஏசி போட்டபடி. போகிற வழியில், ஒருவேளை மறுபடி முள் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். ஏசியை உடனே அணை, கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திற, இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும், புழுங்கும், பரவாயில்லை, ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும் வரை அது தாங்கும், நிறுத்தியதும் சூட்டோடு சூடாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றாதே, ஹெட்டில் விரிசல் விடும். ஆலை வந்ததும் பார்த்தேன், முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றிருந்தது. அதற்குப் பிறகு மூன்று முறை ஜிப்மர் போய்வந்துவிட்டோம், கத்திரி வெயிலிலும் சேர்த்து. இப்போதெல்லாம் கிருமாம்பாக்கத்தில் அந்த டீக்கடையில் அம்மா வேண்டுமென்றே நிறுத்தச் சொல்கிறார், அந்த அண்ணனைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச.

போகிறவர்கள் ஒன்று மட்டும் கவனியுங்கள். சூடான இன்ஜினோடு போனால் அவர் மூடியைத் திறக்கவே மாட்டார், ஆறும் வரை காத்திருக்கச் சொல்வார். முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் வண்டியை விட்டுவிட்டு, காலை எட்டரைக்குப் போய்விடுங்கள். எந்த வேகத்தில், எந்த ஊர் தாண்டி, ஏசி போட்டா போடாமலா, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை குறைகிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அவர் கேட்கத்தான் போகிறார்.